பனி றோட்டில் சின்னக் கார்: எந்தக் கோளாறுக்கு எங்கே கை வைப்பது

நான் இருப்பது கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோவில், ஒரு மாடிக் கட்டடத்தில். நவம்பர் பிறந்துவிட்டால் கீழே பார்க்கிங்கில் யாராவது ஒருவருடைய கோரோலாவோ சிவிக்கோ முரண்டு பிடிக்கும், எனக்குக் கோல் வரும். வருடாவருடம் அதே கோளாறுகள்தான். படிக்க வந்த பிள்ளைகள் ஒரு பழைய சின்னக் காரை வாங்கிவிட்டு, முதல் பனியிலேயே பயந்துபோய் நிற்பதைப் பார்த்தால் மனம் கஷ்டப்படும். முக்கியமாக அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். உங்கள் கார் என்ன செய்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேரே போங்கள். காசு செலவில்லாத காரணம் முதலில் வரும், செலவு வைப்பது கடைசியில் வரும்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். "சறுக்குது, நிக்குதில்லை, ஏறுதில்லை" என்று எனக்கு வரும் கோல்களில் பெரும்பாலானவற்றுக்கு விடை ரயரில்தான் இருந்திருக்கிறது. அதனால் எந்தத் தலைப்புக்குப் போகிறவரும் முதலில் இதைப் பாருங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால்: ரயர்

ரயரின் பக்கவாட்டில் மூன்று சிகரமுள்ள மலையும் அதற்குள் ஒரு பனித்துகளும் வரைந்திருக்கிறதா? இருந்தால் பனிக்காகச் சோதித்துத் தேறிய ரயர். வெறும் எம், எஸ் என்ற எழுத்துகள் மட்டும் இருந்தால் அந்தச் சோதனைக்கு உட்படாதது. பெரும்பாலும் நாலு பருவத்துக்கும் என்று விற்கும் சாதாரண ரயர். வெப்பநிலை 7 பாகைக்குக் கீழே போனதும் அதன் ரப்பர் இறுகத் தொடங்கும். ஜனவரியில் அதோடு ஓடுவது செருப்போடு ஐஸில் நடப்பதுதான்.

அடுத்தது ரயரின் மேற்பரப்பில் ஓடும் பள்ளத்தின், அதாவது தவாளிப்பின் ஆழம். இரண்டு டொலர் நாணயத்தை எடுத்து தவாளிப்புக்குள் செங்குத்தாக விடுங்கள். நாணயத்தின் வெள்ளி வளையம் ஏறத்தாழ ஐந்தரை மி.மீ. அகலம். வளையம் முழுவதும் உள்ளே மறைந்தால் நல்லது. பாதிதான் மறைகிறது என்றால் சட்டப்படி ஓடலாம், பனிக்கு உதவாது. ஒன்ராறியோவில் சட்டம் கேட்கும் குறைந்த அளவு 1.5 மி.மீ. மட்டுமே.

காற்றுக்குப் பணமே தேவையில்லை, ஆனாலும் அதைத்தான் எல்லோரும் மறப்பது. வெப்பநிலை ஐந்தாறு பாகை இறங்கினால் ரயரின் காற்றழுத்தம் ஏறத்தாழ 1 பிஎஸ்ஐ குறையும். ஒக்டோபரில் 15 பாகையில் சரியாக அடித்த காற்று, மைனஸ் 15 காலையில் ஐந்தாறு பிஎஸ்ஐ குறைந்திருக்கும். எவ்வளவு வேண்டும் என்பது சாரதிக் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில் இருக்கிறது. ரயரில் அச்சடித்திருப்பது உச்ச அளவு, அதைப் பார்த்து அடிக்காதீர்கள். கார் ஓடிச் சூடாகும் முன் அளவெடுங்கள்.

பழைய ரயர் வாங்குகிறவர்கள் பக்கவாட்டில் உள்ள நாலு இலக்கத்தையும் பாருங்கள். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. காசை மிச்சம் பிடிக்க முன்னுக்கு இரண்டு மட்டும் பனி ரயர் போடாதீர்கள். முன்பக்கம் றோட்டைப் பிடிக்கும், பின்பக்கம் வளைவில் வழுக்கிக்கொண்டு முன்னுக்கு வரப் பார்க்கும். நாலும் போடுங்கள், இல்லையென்றால் பனி நாளில் பஸ்ஸில் போங்கள். கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை பனி ரயர் கட்டாயம். ஒன்ராறியோவில் கட்டாயமில்லை, ஆனால் 2016 முதல் பனி ரயர் போட்டவர்களுக்குக் காப்புறுதி நிறுவனங்கள் தள்ளுபடி கொடுக்க வேண்டும். கேட்டு வாங்குங்கள்.

காலையில் ஸ்டார்ட் ஆகவில்லை

திறப்பைத் திருப்பும்போது என்ன சத்தம் கேட்கிறது?

*டக் டக் டக் என்று அடிக்கிறது, அல்லது இஞ்சின் சோம்பலாகச் சுற்றுகிறது.* பற்றரி. கடும் குளிரில் அதன் பலம் பெருமளவு இறங்கிவிடும், குளிர்ந்த எண்ணெய்க்குள் இஞ்சினைச் சுற்றவோ வழமையைவிடக் கூடிய பலம் தேவைப்படும். முதலில் ஹீற்றர், விளக்கு, ரேடியோ எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு முயலுங்கள். பற்றரி முனைகளில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் துடைத்து இறுக்குங்கள். அப்படியும் இல்லையென்றால் இன்னொரு காரின் பற்றரியிலிருந்து கேபிள் போட வேண்டும்.

கேபிள் போடும் ஒழுங்கு: சிவப்பு முதலில் செத்த பற்றரியின் பிளஸில், மறுமுனை நல்ல பற்றரியின் பிளஸில். கறுப்பு நல்ல பற்றரியின் மைனஸில், அதன் மறுமுனை செத்த காரின் இஞ்சினில் பெயின்ற் இல்லாத இரும்பில், பற்றரிக்குத் தள்ளி. கழற்றும்போது வந்த ஒழுங்கைத் தலைகீழாக்குங்கள். பற்றரியின் பக்கம் ஊதியிருந்தாலோ வெடித்திருந்தாலோ அது உள்ளே உறைந்திருக்கலாம். அதற்குக் கேபிள் போடவே வேண்டாம், வெடிக்கக்கூடியது.

கார் ஓடத் தொடங்கியதும் மீற்றர் வைத்துப் பாருங்கள். பற்றரி முனையில் 14 வோல்ற்றுக்குக் கிட்ட இருந்தால், ஓடும்போது பற்றரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஒல்ரனேற்றர் சரி, மாற்ற வேண்டியது பற்றரி மட்டும்தான். 13க்குக் கீழே நின்றால் ஒல்ரனேற்றர் அல்லது பெல்ற். அது கராஜ் வேலை. புதுப் பற்றரி வாங்கி வைத்து அதையும் சாகவிடாதீர்கள்.

*ஒரேயொரு 'டக்' மட்டும், விளக்குகள் பளிச்சென்று எரிகின்றன.* இஞ்சினை முதலில் சுற்றிவிடும் ஸ்டார்ட்டர். கராஜ்.

*நன்றாகச் சுற்றுகிறது, பிடிக்கவில்லை.* பெற்றோல் மட்டத்தைப் பாருங்கள். கால் தாங்கிக்குக் கீழே விட்டுவிட்டு ஓடுகிறவர்களுக்குக் குழாயில் ஈரம் உறைவதுண்டு. குளிர்காலம் முழுவதும் அரைத் தாங்கிக்குக் குறையவிடாதீர்கள். நாலைந்து முறை, இடையில் ஒரு நிமிடம் விட்டு முயன்றும் பிடிக்கவில்லையென்றால் மேலும் சுற்றாமல் ஆளைக் கூப்பிடுங்கள்.

கதவு ஒட்டிக்கொண்டது, பின்சில்லு சுற்ற மறுக்கிறது

கதவைப் பிடித்து இழுக்காதீர்கள், கைபிடி உடையும். உடம்பால் கதவை உள்நோக்கி அழுத்துங்கள், ஓரத்து ஐஸ் நொறுங்கும். மற்றக் கதவுகளையும் பாருங்கள். சுடுதண்ணீர் ஊற்றினால் பத்து நிமிடத்தில் அதுவே ஐஸாகும். கண்ணாடியில் பட்டால் கண்ணாடியே வெடிக்கும். ஓரத்து ரப்பரில் சிலிக்கன் ஸ்பிரே அடித்து வைத்தால் இந்தப் பிரச்சினை வராது.

பின்சில்லு இழுபட்டுக்கொண்டு வருகிறது என்றால், ஈரத்தில் ஓடிவந்து ஹான்ட் பிரேக் போட்டு நிறுத்தியிருப்பீர்கள். அது உறைந்துவிட்டது. ஹான்ட் பிரேக்கை விட்டுவிட்டு முன்னும் பின்னும் மெதுவாக ஒரு சாண் நகர்த்துங்கள், 'டப்' என்று விடும். விடாவிட்டால் இழுத்து ஓட வேண்டாம், கேபிளும் பிரேக்கும் கெடும். சமதரையில் கடும் குளிர் இரவில் பார்க் கியரில் விட்டாலே போதும். சாய்வில் மட்டும் ஹான்ட் பிரேக் கட்டாயம்.

கண்ணாடி தெரியவில்லை

*வெளியே ஐஸ்.* முழுக் கண்ணாடியையும் சுரண்டுங்கள். பார்க்க ஒரு சின்ன வட்டம் மட்டும் சுரண்டிவிட்டு ஓடுகிறவர்களைக் கண்டால் நான் நிறுத்தியே சொல்லுவேன், நடந்து போகும் பிள்ளை அந்த வட்டத்துக்கு வெளியில் இருக்கும். கூரையில் உள்ள பனியையும் தள்ளுங்கள். பிரேக் போடும்போது அது முன்கண்ணாடியில் சரிந்து விழும், நெடுஞ்சாலையில் பின்னால் வருகிறவர் மேல் பலகையாகப் பறக்கும்.

*உள்ளே ஆவி படிகிறது.* சப்பாத்தில் வந்த பனி கால்மிதியில் உருகி ஆவியாகிறது. காற்றை உள்ளேயே சுற்றும் பொத்தானை நிறுத்தி வெளிக்காற்றை விடுங்கள், ஏசியையும் ஹீற்றரையும் ஒன்றாகப் போடுங்கள். குளிரில் ஏசியா என்று எல்லோரும் கேட்பார்கள். அது காற்றில் உள்ள ஈரத்தை எடுக்கும், அதற்காகத்தான். கால்மிதியை வீட்டுக்குள் கொண்டுபோய்க் காயவையுங்கள். அப்படியும் போகவில்லையென்றால் காருக்குள் வரும் காற்றின் வடிகட்டியை மாற்றுங்கள், அதிகம் செலவில்லை. கண்ணாடியின் உட்பக்கம் எண்ணெய்ப் பிசுக்காகவும் காருக்குள் இனிப்பு வாசமாகவும் இருந்தால் ஹீற்றருக்குள் கூலன்ற், அதாவது இஞ்சினைக் குளிர்விக்கும் நீர், ஒழுகுகிறது. அது செலவு பிடிக்கும், ஆனால் தள்ளிப்போடக் கூடாது.

*கழுவும் நீர் வரவில்லை.* கோடைக்கால நீர் உறைந்திருக்கும். மைனஸ் 40 என்று போட்ட நீல நீர் பெற்றோல் நிலையங்களில் விற்கும், அதை மட்டும் நிரப்புங்கள். பனி பெய்த மறுநாள் 401ஆம் நெடுஞ்சாலையில் லொறிக்குப் பின்னால் ஐந்து நிமிடம் போனால் உப்புத் தண்ணீர் கண்ணாடியை வெள்ளையடித்துவிடும், நீர் இல்லாமல் வைப்பர் போட்டால் ஒன்றும் தெரியாமல் போகும்.

சில்லு சுற்றுகிறது, கார் அசையவில்லை

பனி வாரும் வண்டி போன பிறகு ஒவ்வொரு டிரைவ்வே வாசலிலும் ஒரு வரம்பு கட்டிவிட்டுப் போகும். கோரோலா, சிவிக் போன்றவற்றின் அடி தரையிலிருந்து 13, 14 செ.மீ. உயரம்தான். அந்த வரம்பை ஏறிக் கடக்கப் பார்த்தால் கார் வயிற்றில் படுத்துவிடும். போன குளிர்காலம் ஒரு தம்பி அப்படி மாட்டினார். நான் போய்ப் பார்க்கும்போது காஸை முழுக்க மிதித்தபடி, சில்லுக்குக் கீழே கண்ணாடி போல ஐஸ் செய்து வைத்திருந்தார். ரப்பர் தீய்ந்த மணம் தெருவரை வந்தது.

அவரிடம் முதலில் சொன்னது: காஸை விடுங்கோ. சில்லு சுற்றச் சுற்றப் பனி உருகிப் பளபளப்பாகும், பிடி இன்னும் குறையும்.

பிறகு இந்த ஒழுங்கில்:

1. இறங்கிப் போய் முதலில் புகைபோக்கிக் குழாயைப் பாருங்கள். பனி மூடியிருந்தால் வாருங்கள். இஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது அது அடைபட்டால் கார்பன் மொனொக்சைட் உள்ளே வரும். வாசமும் இல்லை, நிறமும் இல்லை, ஆளைக் கொல்லும்.
2. ஸ்டியரிங்கை நேராக்குங்கள். திரும்பிய சில்லு பனியை உழும்.
3. இழுக்கும் சில்லுகள் இரண்டுக்கும் முன்னாலும் பின்னாலும் ஒரு முழம் நீளத்துக்குத் தரை தெரிய வாருங்கள். இந்தச் சின்னக் கார்கள் அநேகமாக முன்சில்லால் இழுப்பவை, பின்சில்லைச் சுற்றி எவ்வளவு வாரினாலும் பிரயோசனம் குறைவு. டிக்கியில் மண் மூட்டை வைப்பதும் இந்தக் கார்களுக்கு உதவாது.
4. காரின் அடி பனியில் உட்கார்ந்திருந்தால் அதையும் வாருங்கள். நாலு சில்லும் தொங்கிக்கொண்டிருந்தால் எதுவும் வேலை செய்யாது.
5. சில்லுக்கு முன்னால் மணலோ, பூனைக் கழிவுக்குப் போடும் மண்ணோ தூவுங்கள். இரண்டு கை அளவு போதும்.
6. சறுக்கும் கார் படம் போட்ட பொத்தானை அழுத்தி, சில்லு வீணாகச் சுற்றாமல் தடுக்கும் ட்ரக்ஷன் கட்டுப்பாட்டை நிறுத்துங்கள். அது காஸை அறுத்து அறுத்து விடுவதால் கார் அசையாது. வெளியே வந்ததும் மறக்காமல் திரும்பப் போடுங்கள்.
7. காஸை மிக மெதுவாகக் கொடுத்து முன்னே ஒரு அடி, சில்லு சுற்றத் தொடங்கியதும் விட்டு, நின்றதும் ரிவர்ஸில் ஒரு அடி. தொட்டில் ஆட்டுவது மாதிரி.

ஏழெட்டுத் தரம் ஆட்டியும் வரவில்லையென்றால் நிறுத்துங்கள். கியர்பெட்டி சூடாகிக் கெடும், டோ ட்ரக் காசைவிடப் பல மடங்கு செலவு அது. தள்ளுகிறவர்கள் காரின் நேர் பின்னால் நிற்க வேண்டாம், சற்று ஓரமாக நிற்கட்டும். ரிவர்ஸில் ஆட்டும்போது பின்னால் ஒருவரும் இருக்கக் கூடாது.

அந்தத் தம்பியின் கார் ஐந்தாவது ஆட்டத்தில் வெளியே வந்தது. வந்த வேகத்தில் றோட்டுக்கே போய்விடப் பார்த்தார். முதலிலேயே இரண்டு பக்கமும் ஆள் பார்த்து வைத்திருந்தபடியால் தப்பினார்.

*சமதரையில் ஓடுகிறது, ஏற்றத்தில் நின்றுவிடுகிறது.* மோர்னிங்சைட் றோட்டு ஹைலண்ட் கிரீக் பள்ளத்தில் இறங்கி ஏறும் இடம் தெரிந்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். கீழேயே முன்காரோடு நல்ல இடைவெளி விட்டு, அவர் மேலே போன பிறகு ஒரே சீரான வேகத்தில் ஏறுங்கள். நடுவில் காஸைக் கூட்டாதீர்கள். சில்லு சுற்றி நின்றுவிட்டால் பின்னால் ஒருவரும் இல்லை என்று பார்த்து நேராகக் கீழிறங்கி வேறு வழி போங்கள். அந்த றோட்டில் திரும்ப முயன்றால் குறுக்கே நின்றுவிடும்.

பிரேக் மிதித்தும் கார் நிற்கவில்லை

*பெடல் காலை உதைக்கிறது, கடகடவென்று சத்தம்.* "அண்ணை, பிரேக் காலை உதைச்சது, உடைஞ்சு போச்செண்டு காலை எடுத்திட்டன்" என்றார் புதிதாக வந்த ஒரு பிள்ளை. காலை எடுத்த அந்த நொடியில்தான் கார் நடைபாதை விளிம்பில் போய் ஏறியது. பிள்ளைக்கு ஒன்றுமில்லை, முன்சில்லு வளைந்துவிட்டது. பிரேக் உடையவில்லை, சில்லு இறுகிச் சறுக்காமல் பார்க்கும் ஏபிஎஸ் தன் வேலையைச் செய்தது. அது உதைக்கும்போது இன்னும் அழுத்தி மிதித்துக்கொண்டே, போக வேண்டிய பக்கம் ஸ்டியரிங்கைத் திருப்ப வேண்டும். முதல் பனி விழுந்ததும் ஆளில்லாத பார்க்கிங் இடம் ஒன்றில் அனுமதி கேட்டு 20 கி.மீ. வேகத்தில் ஓடி வேண்டுமென்றே ஓங்கி மிதித்துப் பாருங்கள். அந்த உதை ஒருமுறை காலுக்குப் பழகிவிட்டால் பிறகு பயம் வராது. நான் ஓட்டப் பழக்கும் எல்லோருக்கும் முதல் பாடம் இதுதான்.

*ஏபிஎஸ் வேலை செய்கிறது, ஆனாலும் தூரம் போதவில்லை.* வேகமும் இடைவெளியும். காய்ந்த றோட்டில் முன்காரோடு மூன்று விநாடி விடுகிறவர்கள் பனியில் எட்டுப் பத்து விநாடி விடுங்கள். அவர் ஒரு கம்பத்தைக் கடந்ததிலிருந்து எண்ணுங்கள். சிவப்பு விளக்குச் சந்திகளில் சில்லுகள் தேய்த்துத் தேய்த்துப் பனி மெருகேறியிருக்கும், அதற்கு முன்னாலேயே மெல்லப் பிரேக்கைத் தொட்டுப் பாருங்கள். வேகத்தைத் தானாகப் பிடித்து வைக்கும் குரூஸ் கட்டுப்பாட்டைப் பனியில் போடவே வேண்டாம்.

*றோட்டு ஈரமாகத் தெரிகிறது, கார் வழுக்குகிறது.* பிளாக் ஐஸ், கண்ணுக்குத் தெரியாத மெல்லிய ஐஸ். முன்கார்களின் சில்லைப் பாருங்கள். றோட்டு ஈரமாகத் தெரிந்தும் தண்ணீர் சிதறவில்லையென்றால் அது தண்ணீர் இல்லை. பூச்சியத்தை ஒட்டிய வெப்பநிலையில், அதிகாலையில், மேம்பாலங்களிலும் நெடுஞ்சாலை ஏறி இறங்கும் வளைவுகளிலும் நிழல் விழும் இடங்களிலும் இருக்கும். குளிர் மைனஸ் பத்துப் பதினைந்தைத் தாண்டினால் உப்புப் போட்ட றோட்டையும் நம்பாதீர்கள், உப்பின் வேலை அப்போது மந்தமாகும்.

*கராஜுக்குப் போக வேண்டியவை.* ஏபிஎஸ் மஞ்சள் விளக்கு அணையாமல் நின்றால், சில்லுக்குப் பக்கத்தில் உள்ள உணரியைப் பனியோ உப்போ பாதித்திருக்கலாம். சாதாரணப் பிரேக் இருக்கும், மெதுவாக ஓட்டிக்கொண்டுபோய்க் காட்டுங்கள். மிதித்தால் ஒரு பக்கம் இழுத்தால் பிரேக்கை நெரிக்கும் கலிப்பர் உப்பில் இறுகியிருக்கலாம். சிவப்புப் பிரேக் விளக்கு எரிந்தாலோ பெடல் அடிவரை இறங்கினாலோ அந்த இடத்திலேயே நிறுத்தி டோ ட்ரக் கூப்பிடுங்கள். காலையில் முதல் இரண்டு மூன்று பிரேக்குக்கு மட்டும் கரகரப்பது இரவில் படிந்த துரு, அதற்குச் செலவழிக்க வேண்டாம்.

திருப்பினாலும் நேரே போகிறது, அல்லது பின்பக்கம் விலகுகிறது

இங்கே யோசிக்க நேரமில்லை. அதனால் இதை வீட்டிலேயே இரண்டு தரம் வாசியுங்கள்.

முன்பக்கம் வழுக்கி நேரே போனால்: காஸை விடுங்கள், இன்னும் திருப்பாதீர்கள். திருப்பியதைக் கொஞ்சம் தளர்த்துங்கள். சில்லு பிடித்ததும் மெதுவாகத் திருப்புங்கள். கூடக்கூடத் திருப்பினால், திடீரென்று பிடிக்கும்போது கார் எதிர்ப்பக்கம் பாயும்.

பின்பக்கம் விலகினால்: காஸை விடுங்கள், பிரேக்கை ஓங்கி மிதிக்காதீர்கள். போக வேண்டிய இடத்தைப் பார்த்து அந்தப் பக்கம் ஸ்டியரிங்கைத் திருப்புங்கள். மதிலையோ லொறியையோ பார்த்தால் கை அங்கேதான் போகும்.

2012 மாடல் முதல் கனடாவில் விற்ற புதுக் கார்களில் சறுக்கலைத் தடுக்கும் கட்டுப்பாடு கட்டாயம் இருக்கும். அதைவிடப் பழைய கார் என்றால் இருக்கிறதா என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். திரும்பத் திரும்ப ஒரே பக்கம் விலகினால் ரயர் காற்றைப் பாருங்கள், பிறகு சில்லுச் சீரமைப்பு.

பனிக்குப் பிறகு 80 கி.மீ. வேகத்தில் ஸ்டியரிங் நடுங்குகிறது

இதற்குப் பயந்து கராஜுக்கு ஓடி, நேற்றுவரை நன்றாக இருந்த காருக்கு இருநூறு முந்நூறு செலவழித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். சில்லின் உட்பக்கத்தில் பனி அடைத்து உறைந்திருக்கும், ஒரு பக்கம் பாரம் கூடிச் சில்லு ஆடும். தூரிகையின் பிடியால் உட்பக்கம் குத்தி எடுங்கள், அல்லது சூடான கார் கழுவுமிடத்தில் விடுங்கள். போய்விடும். போகவில்லையென்றால் பள்ளத்தில் விழுந்து சில்லு வளைந்திருக்கலாம், அல்லது சமநிலைக்கு ஒட்டிய பாரத்துண்டு விழுந்திருக்கலாம். அப்போது கராஜ்.

முன்னால் எதுவும் தெரியவில்லை

400ஆம் நெடுஞ்சாலையில் பாரி பக்கம் போகிறவர்களுக்கு இது தெரியும். ஜோர்ஜியன் விரிகுடாவிலிருந்து வரும் பனிச்சூறை, வெயில் அடித்துக்கொண்டிருந்த றோட்டை ஐந்து நிமிடத்தில் வெள்ளைத் திரையாக்கும். புறப்பட முன் மாகாணத்தின் றோட்டுத் தகவல் சேவையான 511 ஒன்ராறியோவில் றோட்டு நிலவரம் பாருங்கள்.

மாட்டிவிட்டால் முதலில் விளக்குத் திருகியைக் கையால் திருப்பிப் போடுங்கள். பல பழைய கார்களில் பகலில் தானாக எரிவது முன்விளக்கு மட்டும், பின்னால் இருட்டாக இருக்கும். தூர விளக்குப் போடாதீர்கள், பனி அதைத் திருப்பிக் கண்ணுக்கே அடிக்கும். எல்ஈடி விளக்கு சூடாவதில்லை, படிந்த பனி உருகாது, நிற்கும் இடத்தில் எல்லாம் துடையுங்கள். மெதுவாக அடுத்த வெளியேறும் வழியில் இறங்கி ஒரு கடை வாசலில் நில்லுங்கள். நீல விளக்கு மின்னும் பனி வாரும் வண்டிக்குப் பின்னால் இருந்தால் முந்த வேண்டாம், றோட்டில் மிக நல்ல இடம் அதுதான்.

பள்ளத்தில் இறங்கிவிட்டது, ஆள் வரும்வரை

அடிபட்டிருந்தால் அல்லது கார் வாகனங்கள் ஓடும் பாதையில் நின்றால் 911. மற்றப்படி டோ ட்ரக். கூப்பிடாமலே வந்து நிற்கும் வண்டிக்கு அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள், விலையையும் எங்கே கொண்டுபோகிறார் என்பதையும் எழுத்தில் கேளுங்கள்.

காரை விட்டு நடக்காதீர்கள். மணிக்குப் பத்து நிமிடம் மட்டும் இஞ்சினை ஓட்டுங்கள், அதற்கு முன் ஒவ்வொரு தடவையும் புகைபோக்கியைத் துப்புரவாக்குங்கள், காற்றடிக்காத பக்கக் கண்ணாடியை ஒரு விரல் அளவு இறக்குங்கள். கம்பளி, தொப்பி, கையுறை, டோர்ச், தண்ணீர், போன் சார்ஜர், கொஞ்சம் மணல், சவள் இவ்வளவும் நவம்பரிலேயே காரில் இருக்க வேண்டும். சவளை மட்டும் டிக்கியில் வைக்காதீர்கள். டிக்கி உறைந்து திறக்காமல் போன இரவு ஒன்றில் ஒரு அக்கா கையால் பனி வாரியதை நான் பார்த்தேன். பின்சீற்றுக்குக் கீழே வையுங்கள்.